பத்துக்கு ஒன்பது

"பெருமாளு, எம்பொண்ணு சைக்கிள் மலை ஏறக்கூடாது. நீதான் எதுனா வழி பண்ணணும்."

காமராஜ் கடைக்குள் வந்து உட்காரக்கூட இல்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. இளையபெருமாள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இன்னாய்யா ஆச்சு?"

"சுமலதா ஆன்லைன்ல சைக்கிள் சாமானா வரவழைச்சிருக்கறா. எல்லாத்தையும் சேத்து சைக்கிள் பூட்டிக்கினு ஜவ்வாது மலை, ஏலகிரி, ஏற்காடுன்னு தனியா சுத்தப் போறாளாம். வேணாம்னா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறா. பூட்டறதுக்கு உன்கிட்டதான் வருவா."

வராமல் எங்கே போவாள்? செஞ்சியில் கியர் சைக்கிள் என்றால் இளையபெருமாள்தான். புதுச்சேரியிலிருந்து கோட்டை பார்க்க சைக்கிளில் வருகிற கூட்டம் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் கடை வாசலில்தான் நிற்கும். அந்த வண்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றுக்கொண்ட மனுஷன்.

"எம்பொண்ணும் போன வருஷம் இதே பாட்டுதான் பாடுனா. ஒரே அதட்டல்! அதுக்கப்புறம் வாயத் தொறக்கணுமே? உனக்கு அதட்டத் தெரியலய்யா."

"அவ அழுதா எனக்குத் தாங்காது, பெருமாளு."

"சரி வுடு, நான் பாத்துக்கறேன்."

மறுநாளே சுமலதா அட்டைப்பெட்டியும் கையுமாக வந்துவிட்டாள். பெட்டியைப் பிரித்ததும் இளையபெருமாளுக்குக் கண் விரிந்தது. பின்சக்கரத்துக்குப் பத்துப் பல்சக்கரம். கியர் மாற்ற ஹேண்டில்பாரில் மாட்டுகிற ஷிஃப்டரும் பத்து கியருக்கானது. செயினைத் தள்ளிவிடுகிற டீரெய்லரும் அதற்கென்றே செய்தது. புதுச்சேரிக்காரர்களே இதில் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். யாரோ நன்றாக விஷயம் தெரிந்து பொறுக்கியிருக்கிறார்கள்.

"யாரும்மா இதெல்லாம் செலக்ட் பண்ணது?"

"விசாரிச்சுதான் வாங்குனோம்ணா." கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். "சீட்டு பெடல் அச்சுலேருந்து எழுபது சென்டிமீட்டர் உயரத்துல இருக்கணும்."

இளையபெருமாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குட்டையான பெண். அவ்வளவு உயரத்தில் வைத்தால் இவள் கால் பெடலுக்கே எட்டாது. எட்டாவிட்டால் இன்னும் நல்லதாகப் போயிற்று என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அவள் போனதும் தன் வேலையைக் காட்டினார். புது ஷிஃப்டரை எடுத்து மேசைக்குள் போட்டுவிட்டு, பார்க்க அதே மாதிரி இருந்த பழைய ஒன்பது கியர் ஷிஃப்டரை மாட்டினார். அது ஒவ்வொரு 'டிக்'குக்கும் கியர் கம்பியைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். சமதரையில், நடு கியரில் ஒன்றும் தெரியாது. மலை ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போதுதான் செயின் இடம் தப்பித் துள்ளும். துள்ளுகிற செயினைத் தடுக்க ஒரு குட்டித் திருகு உண்டு. அதையும் இரண்டு சுற்று தளர்த்திவிட்டார். இனி ஏற்றத்தில் செயின் ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுந்து சக்கரத்தைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

மனசு ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. 'ஏத்தத்துல இன்னா வேகம் போயிடப் போறா? முட்டி தேயும். வண்டிய பஸ்ல ஏத்திக்கினு வூடு வந்து சேருவா. பெத்தவனுக்கு நிம்மதி' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் சுமலதா சரக்கு ஆட்டோவோடு வந்தாள்.

"ஓட்டிப் பாக்கலியாம்மா?"

"நீங்க பூட்டுனதுண்ணா. அத வேற பாக்கணுமா?"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி. மகள் பூங்குழலி, 'பரீட்சை எழுத சென்னைக்குப் போறேன் நைனா' என்று சொல்லிவிட்டு விடிவதற்குள் கிளம்பியிருந்தாள். இளையபெருமாள் தானே தோசை சுட்டுத் தின்றுவிட்டு வந்து கடையைத் திறந்திருந்தார். சுமலதா நடந்து வந்தாள், கையில் செல்போன், முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, நீ இன்னும் மலைக்குப் போவல?" ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி கேட்டார்.

"நானா? எனக்கு சைக்கிள் வுடவே தெரியாதுண்ணா!"

இளையபெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன அந்த வண்டி?"

"என் ஃபிரெண்டுக்கு. அவ வூட்ல தெரிஞ்சா வுட மாட்டாங்க. அதான் எங்கப்பாகிட்டகூட என் வண்டின்னே புளுகிட்டேன். காலைல அஞ்சு மணிக்கே கெளம்பிட்டா. போளூர் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சிட்டாளாம்."

"ஐயையோ! போன் போடு! எறங்கித் தள்ளிக்கினு வரச் சொல்லு! அந்தக் கியரப் போடக்கூடாது, போட்டா சக்கரம் இறுகிக்கும், பின்னாடி லாரி கீரி வந்தா..." கை தன்னால் மேசைக்குள்ளிருந்த புது ஷிஃப்டரைத் தேடியது.

"மேல டவரே கெடைக்காதுண்ணா. ஏன் இப்டி வேர்க்குது உங்களுக்கு? அதெல்லாம் நல்லாத்தான் போறா. ஏற ஆரம்பிச்சப்புறம் உங்ககிட்ட காட்டச் சொல்லித்தான், டவர் போறதுக்கு முன்ன இத அனுப்பியிருக்கறா, பாருங்க."

செல்போனை நீட்டினாள். மலைப்பாதை வளைவு. பின்னால் லோடு லாரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி ஹெல்மெட்டோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே இரண்டே வரி:

"பயப்படாதடி. எங்க நைனா கையால பூட்டுன வண்டி இது, நடுவழியில கைவிடாது."