அட்டையில் அச்சடித்த வயது

பத்திரிகைக் கடையில் குழல்விளக்கின் வெளிச்சம் பளபளக்கும் அட்டைகளில் பட்டு அம்மாவின் கண்ணைக் கூசவைக்கிறது. இருமல் மருந்துப் பாட்டிலில் போடுவதுபோல் ஒவ்வொரு சிறுவர் பத்திரிகையிலும் வயதைப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள். ஆறு வயது மகள் நாளிதழின் தலைப்புச் செய்தியைக் கடகடவென்று வாசிக்கிறாள். பதினொரு வயது மகனோ இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். அவனுக்காக அம்மா எடுத்த பத்திரிகையில், ‘ஐந்து முதல் ஏழு வயது வரை’ என்று கொட்டை எழுத்து. “விலை ஸ்டிக்கரை இந்த வயசு மேல ஒட்டிக் குடுங்களேன்” என்கிறாள் அடங்கிய குரலில். “எதுக்கும்மா? தம்பி பெரிய பையனாச்சே, இது சின்னப் பிள்ளைங்களுக்கு!” கடைக்காரரின் குரல் தெருவரை கேட்கிறது. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் மகன் எக்கிக் காதருகே வருகிறான். “தங்கச்சிக்குன்னு சொல்லும்மா. லைப்ரரில நான் அப்படித்தான் சொல்லுவேன்.”