மணல் பாட்டில்

அன்று பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வரும் ஞாயிறு. நாமக்கல் விடுதிப் பள்ளியின் தாளாளர் குமரகுரு, பட்டுச்சேலையில் வந்த கலாமணிக்கு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. என்ன விசயம்?"

"ஹாஸ்டல் டாய்லெட்டுல ஃப்ளஷ்ஷை அமுத்துனா எதுவும் போறதில்லீங்க. தண்ணி மிச்சமாகோணும்னு ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்குக்குள்ளயும் மணல் ரொப்புன ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டு போட்டு வெச்சிருக்கீங்க. பத்து லிட்டர் கேக்குற பழைய டாய்லெட்டு, ஆறு லிட்டர்ல எப்படிங்க தள்ளும்?"

"தண்ணியை லாரியில வாங்கறோம்மா."

"நாலு லிட்டர்லயே சுத்தமா தள்ளுற புது டாய்லெட்டு கடையில இருக்குதுங்க. ஹாஸ்டல்ல இருக்குற நாப்பதையும் மாத்துங்க."

குமரகுரு சிரித்தார். "ஊட்டு வசதியெல்லாம் ஹாஸ்டல்ல எதிர்பார்க்கலாமா? பையன் எந்த கிளாஸ்?"

"எம்பட பையன் இங்க படிக்கலீங்க. அந்த நாப்பதையும் தினமும் குச்சியில குத்தி, வாளியில ஊத்திக் கழுவறது நான்தானுங்க. மத்த நாள்ல இந்த ரூமுக்குள்ள உடமாட்டாங்க. அதான் இன்னைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்தேன்."

குமரகுருவின் முகம் மாறியது.

"எந்திரி."

"மாத்தறேன்னு சொல்லுங்க, எந்திரிக்கறேன்" என்றாள் கலாமணி, வெளியே காத்திருந்த பெற்றோர் எல்லோருக்கும் கேட்கும்படி.