புதுசு வந்த டப்பா

நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பங்குபோட்டுக் கொடுக்கும் பெட்டி ஒன்று காருக்குள் இருந்தது. ஒருநாள் பழுதைக் காட்டும் விளக்கு எரியவே, அந்தப் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று மெக்கானிக் அதைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினார்.

பழசுக்கு வயிறு எரிந்தது. "மினுக்கிக்கிட்டு வந்துட்டான்! சேத்துல வண்டி மாட்டினா தெரியும் இவன் லட்சணம்."

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். விளக்கு மறுபடியும் எரிந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே" என்று நடுங்கியது புதுசு.

சந்தோஷத்தில் பழசுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, கோளாறு என்கிட்ட இல்ல!"

மெக்கானிக் குனிந்து தேடினார். எலி கடித்த ஒயர் ஒன்று தொங்கியது. அதை ஒட்டுப்போட்டதும் விளக்கு அணைந்துவிட்டது. பிறகு அவர் பழசைக் கையில் எடுத்தார்.

"இறங்குடா தம்பி" என்றது பழசு.

புதுசு வந்த அட்டை டப்பாவுக்குள் அதைப் போட்டு மூடினார் அவர். அளவு கச்சிதமாக இருந்தது.