பொத்தானும் சாயங்கால பஸ்ஸும்

"இந்த நாயை ஒரே ஒரு விஷயத்துல மட்டும் திருத்திக் கொடுத்துடுங்கம்மா. சாயங்கால பஸ் வந்து நின்னா வாசலுக்கு ஓடக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் தையற்காரர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்துவிட்டபடி.

நாய்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் அந்த முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் அடியில், வெட்டித் தள்ளிய துணித்துண்டுகளின் மேல், ஒரு பழுப்பு நாய் சுருண்டு கிடந்தது. பெயர் பொத்தான். வந்த அன்றே கோட்டுப் பொத்தான் ஒன்றை விழுங்கி வீட்டையே கலங்கடித்ததால் கிடைத்த பெயர்.

"உட்காரு, படு, கை கொடு... இதெல்லாம் வேண்டாமா சார்?"

"கை கொடுத்து அது என்ன, ஓட்டா கேட்கப் போகுது? வாசலுக்கு ஓடாம இருந்தாப் போதும். தைச்சு வச்ச துணியையெல்லாம் மிதிச்சிட்டு ஓடுது."

"யாரைத் தேடி ஓடுது?"

தையற்காரர் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமானார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"எங்க பொண்ணு வேலை முடிஞ்சு அந்த பஸ்லதான் வருவா. ஒரு நாள் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு முத்திப்போச்சு. வெளியூர்ல வேலைக்குப் போறேன்னு அவ, படி தாண்டக் கூடாதுன்னு இவரு. பையைத் தூக்கிட்டுப் போனவதான்."

"இப்ப எதுக்கு அதையெல்லாம் கிளறுற?"

வந்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இப்படி ஏங்கிக் கிடக்கும் நாய்கள் அவளுக்குப் புதிதல்ல.

"பாவம், உங்க பொண்ணு மேல உயிரையே வச்சிருக்கும் போல."

தையற்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாரு?"

"பொத்தான்தான் சார்."

"ஓ... ம்... இருக்கும்."

"கவலைப்படாதீங்க. பழக்குறதுல பல வழி இருக்கு. ஆனா நாய்க்குப் பிடிச்சா மட்டும் போதாது, உங்களுக்கும் ஒத்துவரணும்."

"ஆளுக்கு ஆள் அளவெடுக்கிற மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான். பஸ் சத்தம் கேட்டும் ஓடாம இருந்தா ஒரு பிஸ்கட். அது ஒரு வழி."

"இந்த வீட்டுல பிஸ்கட் டப்பாவை ஒளிச்சு வைக்கிறது நாய்க்குப் பயந்து இல்லம்மா" என்று மனைவி கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வந்தவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து 'டக்' என்று அழுத்தினாள். "இந்தச் சத்தம் கேட்டா, சரியாச் செஞ்சேன்னு அதுக்குப் புரியும்."

தையற்காரர் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினார். 'டக்... டக்...' ஒவ்வொரு வெட்டுக்கும் பொத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நான் ஒரு பேன்ட் வெட்டி முடிக்கிறதுக்குள்ள இதுக்குத் தலைக்கனம் ஏறிடும்மா."

"அப்ப அந்த நேரத்துக்கு மட்டும் கயித்துல..."

"கட்டிப்போடுறது வேண்டாம்." அவர் குரல் இறங்கியது. "ஒருத்தியைக் கட்டிப்போடப் பார்த்துத்தான் இப்படி ஆச்சு."

வந்தவள் டப்பியைப் பைக்குள் போட்டுவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"இன்னொரு வழியும் இருக்கு சார். கூட இருக்கிறவங்க என்ன செய்றாங்களோ, அதைப் பார்த்தே சில நாய் கத்துக்கும்."

"இதுவா? பார்த்துக் கத்துக்கிற புத்தி இதுக்கு ஏதும்மா!" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அப்போது தெருமுனையில் பஸ்ஸின் பிரேக் கிறீச்சிட்டது.

மெஷின் சட்டென்று நின்றது. பாதி தைத்த சட்டைக் கை ஊசியிலேயே தொங்க, தையற்காரர் எழுந்து ஓடினார். நாயைத் தடுக்கத்தான் முந்திக்கொண்டு ஓடுகிறார் என்று நினைத்தாள் வந்தவள். அவர் வாசலில் போய் நிற்க, பொத்தானும் துணிகளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி அவர் காலருகே நின்றது.

குடையோடு ஒருவர் இறங்கினார். காய்கறிப் பையோடு ஒரு பெண் இறங்கினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. வாசலில் நின்ற இருவரும் நகரவில்லை. அவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருங்கக்கா, உங்க பொண்ணை அதால இன்னும் மறக்க முடியல" என்றாள் வந்தவள்.

கீழே விழுந்து கிடந்த அளவு நாடாவை மனைவி எடுத்து மெதுவாகச் சுருட்டினாள்.

"அவ போய் நாலு வருஷம் ஆச்சும்மா. பொத்தான் இந்த வீட்டுக்கு வந்தே இன்னும் ஒரு வருஷம் முடியல. அவளை அது பார்த்ததே இல்ல."