அமுக்கிவிட்ட கை

ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்தே கிடந்ததில் பொற்கலைக்குக் கெண்டைக்கால் வீங்கிக்கொண்டது. வலிக்கிறது என்று அவள் முனகியதும் மாசிலாமணி நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்துவிட்டான். மனைவி தூங்கும்வரை அமுக்கினான். விடிந்து எழுந்தவள் மூச்சு கிடைக்காமல் அடுப்படி வாசலில் சரிந்தாள்.

காலில் உறைந்திருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். “காலை யாராவது அமுக்கிவிட்டீங்களா?” ஆக்சிஜனோடு கிடந்த பொற்கலை, அவன் வாய் திறப்பதற்குள் “இல்லீங்க” என்றாள்.

பிழைத்து வந்துவிட்டாள். இப்போது அவன்தான் சமைக்கிறான், துவைக்கிறான். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் போடும் மாத்திரையைக்கூட அவள் கையில் தராமல் தட்டில் வைத்து நகர்த்துகிறான். படுப்பது கூடத்தில்.

ஒரு சாயங்காலம் அவள் காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். “கட்டி கரைஞ்சிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல. அமுக்க வேணாம். சும்மா தொடுங்க, போதும்.”

அவன் கைகள் இரண்டும் சுடுபாத்திரத்தைத் தொட்டவைபோல மேலே போய் அப்படியே நின்றன.

“இன்னும் வலிக்குதா, கலை?”

“இல்ல” என்றாள், அன்று டாக்டரிடம் சொன்ன அதே குரலில்.