பத்தாம் பாடம்

பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலிப்பாட இணையதளத்தைப் பராமரிப்பது அவள் வேலை. வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிந்தது அவளுடைய அக்கா. ஒன்பது பாடம் முடித்த நிலையில் அக்கா இறந்துபோனாள். இனி கணினிக் குரலே போதும், பழையதை நீக்கிவிடு என்றார் மேலாளர். அவள் மனசில்லாமல் முகப்பிலிருந்த இணைப்பை எடுத்தாள். ஒன்பது கோப்புகளையும் அழித்தாள்.

மறுநாள் சரிபார்ப்பதற்காகத் தேடல் கட்டத்தில் ‘வரலாறு’ என்று தட்டினாள். ஒரே ஒரு முடிவு வந்தது: பத்தாம் பாடம்.

ஹெட்போனை மாட்டினாள். அக்காவேதான். பக்க எண்ணைச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாகப் படித்தாள்.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். “ஏம்மா, அழிக்கச் சொன்னேனே?”

“அழிச்சேன் சார். வந்திருக்கு.”

“விரட்டினா திரும்பி வர்றதுக்கு அது என்ன நாய்க்குட்டியா? மறுபடி அழி.”

“மாட்டேன். உங்க கணினிக் குரல், புத்தகத்துல படம் வந்தா தாண்டிக் குதிச்சு ஓடுது. எங்க அக்கா படத்துல இருக்கற குதிரையோட காது வரைக்கும் சொல்றா. பசங்க எதைக் கேட்டுப் பரீட்சை எழுதுவாங்க?”

“உங்க அக்காதான் இப்ப இல்லையேம்மா.”

“அப்ப இதை யாரு படிக்கறது? நீங்களா?”

வேலை போனால் போகட்டும் என்று, அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பாடத்தை முகப்பில் எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினாள். அதன் அடியில் இன்னொரு வரி தோன்றியது: ‘பதினோராம் பாடம் பதிவேறுகிறது.’

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலாளர் பார்க்கும்படி மேசைமேல் விரித்து வைத்தாள்.