இஷ்யூ

"இஷ்யூ ஏதாவது?" விவாகரத்து மனுவை நிரப்பிக்கொண்டே கேட்டார் வக்கீலம்மா.

மனைவி பொரிந்து தள்ளினாள். "ஒண்ணா ரெண்டா மேடம்? மூணு வருஷமா இவர் வாயே திறக்கறதில்ல. சுவத்தோட குடும்பம் நடத்திட்டிருக்கேன்!"

கணவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "பிரச்சனையைக் கேக்கலம்மா. 'வெளியே வந்தது'ங்கறதுதான் அந்த வார்த்தைக்கு ஆதி அர்த்தம். சட்டத்துல இஷ்யூன்னா பெத்த பிள்ளைங்க. இல்லைன்னு போட்டுடவா?"

மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போடாதீங்க," என்றான் கணவன். "ஒரு பொண்ணு. பதினோரு நாள் எங்களோட இருந்தா. மூக்கு அப்படியே இவ மூக்கு..."

அதற்குமேல் பேச முடியாமல் விம்மினான். மகள் போனபிறகு அவளைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

மனைவி மெல்ல அவன் கையைப் பிடித்தாள்.

"எழுந்திருங்க. வீட்டுக்குப் போலாம்."